பொலிசுக்கு அறிவித்த சப்வூபர்

என் கணவர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைத்தான் ஆசைப்பட்டு வாங்கினார். அதை வெளியே எவருக்கும் தெரியாதபடி காருக்குள் ஒளித்து வைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஒளித்தும் வைத்தார். பிறகு அது அங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பொலிசுக்குத் தானே கடிதம் எழுதினார். இப்படி ஒரு புத்தி எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு எவருக்கும் வராது.

எங்கள் ஆட்கள் என்று நான் சொல்வது யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு அரசாங்க உத்தியோகம் பார்க்க வந்த தமிழர்களை. என் அப்பாவும் அந்த வகைதான், டாக்டராக வந்தவர். நான் கண்டியிலேயே பிறந்து, சிங்களப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, கண்டியிலேயே ஆசிரியையானேன். அதனால் சிங்களம் எனக்கு வாயிலும் வரும், கையிலும் வரும். என் கணவருக்கு இரண்டிலும் வராது. அவர் ஒரு திணைக்களத்தில் பிரதம இலிகிதர், அதாவது தலைமைக் கிளாக்கர். இருபது வருடம் கண்டியில் இருந்தும் மீன்காரனிடம் விலை கேட்க என்னைக் கூப்பிடுவார். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டைவிட்டவர். ஆனால் ஆங்கிலத்தில் கடிதம் எழுத உட்கார்ந்தால் அவரை எழுப்ப முடியாது.

அலுவலகத்தில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு கடிதம் போனால், அதைப் பற்றித் திருப்பி ஒரு கேள்வி வரக்கூடாது. வரக்கூடிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் முதல் கடிதத்திலேயே பதில் இருக்க வேண்டும். இதைப் பெருமையாக எல்லோருக்கும் சொல்வார். சாப்பிடும்போதும் சொல்வார். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

கார் என் அப்பா விட்டுப்போன பழைய யப்பான் கார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் வீட்டின் முன்பாதி எரிந்தபோது இந்தக் கார் தப்பியதற்குக் காரணம், அது அன்றைக்கும் வழக்கம்போலத் திருத்த வேலைக்குப் போயிருந்ததுதான். அப்பா அதற்குப் பிறகு வீட்டை விற்றார், காரை விற்கவில்லை. நானும் என் கணவரும் கல்யாணம் செய்து வாடகை வீட்டுக்குப் போனபோது கார் என்னோடு வந்தது. மேல்மாடியில் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ஒரு சிங்களத் தலைமை ஆசிரியர். கீழ்த்தளத்தில் நாங்கள் இரண்டு பேர். பிள்ளைகள் இல்லை.

இரண்டு பேர் என்பது பொலிசில் பதிந்த கணக்கு. அந்த வருடம் உண்மையில் மூன்று பேர் இருந்தோம்.

மூன்றாவது ஆள் என் கணவரின் தம்பி. இருபத்து நான்கு வயது. கண் வைத்தியத்துக்கு என்று சொல்லி, வவுனியாவில் இராணுவத்திடம் பதினான்கு நாளுக்கான பயணப் பாஸ் வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தவன். கண்ணில் ஒன்றும் இல்லை. கனடாவிலிருக்கும் அக்கா அவனைக் கூப்பிட ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். கடுதாசிகள் வரும்வரை அவன் எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில், வீட்டில் இருக்கும் தமிழர் எல்லோருடைய பெயரையும் ஒரு படிவத்தில் எழுதி, வீட்டுக்காரரின் கையெழுத்தோடு பொலிசில் கொடுக்க வேண்டும். புதிதாக ஆள் வந்தால் போய்ப் பதிய வேண்டும். தம்பி வந்த முதல் கிழமை, "இரண்டு கிழமைதானே, பொறுப்பம்" என்றார் என் கணவர். இரண்டு கிழமை கழிந்தபோது பாஸ் முடிந்துவிட்டது. பாஸ் முடிந்த ஒரு யாழ்ப்பாண இளைஞனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவதென்றால் அவனைக் கையோடு கொடுத்துவிட்டு வருவதுதான். அதனால் பதியவில்லை. தன் வாழ்க்கையில் அவர் நிரப்பாமல் விட்ட ஒரே படிவம் அதுதான். அவன் விமானம் ஏறும்வரை அவன் இங்கே இருப்பது எவருக்கும் தெரியக் கூடாது. அந்த வீட்டில் எங்களுக்கு இருந்த ஒரே பெரிய விஷயம் அதுதான், மற்றதெல்லாம் சில்லறை.

அவன் பின்னறையில் இருந்தான். அந்த அறையின் யன்னலைத் திறந்தால் மலையை வெட்டிய மண்சுவர்தான் தெரியும், அதனால் பயமில்லை. ஐந்து மாதம் அவன் தெருவைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் அவனை ஒருமுறை கண்டிருக்கிறார். கண்டும் காணாதவர்போல் ஏணிப்படி ஏறிப் போய்விட்டார். நல்ல மனிதர்.

சும்மா இருக்க அவனுக்கு வராது. மின்சாரம் இல்லாத ஊரில், சைக்கிளின் டைனமோவைக் காலால் சுற்றி றேடியோ கேட்ட தலைமுறை அது. வந்த ஒரு மாதத்துக்குள் எங்கள் மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டிவிட்டான். வீட்டுக்காரரின் றேடியோவையும் திருத்தினான். அதைத் தான் திருத்தியதாகச் சொல்லி என் கணவர் மேலே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு ஸ்குரூவைத் திருகினால் கை வழுக்கும் மனிதர் அவர். வீட்டுக்காரர் மரியாதைக்காக நம்பினார்.

இந்தச் சமயத்தில்தான் கணவருக்குச் சனி பிடித்தது. அலுவலக வேலையாக மடுல்கெல்லப் பக்கம் போன ஒரு ஒப்பந்தக்காரரின் வேனில் இவரும் போயிருக்கிறார். திரும்பி வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தார்.

"பாட்டு முதுகில வந்து அடிக்குது. எங்கயிருந்து அடிக்குதெண்டு கண்ணுக்குத் தெரியேல்லை. கேட்டா, எங்கயோ உள்ளுக்க ஒளிச்சு வைச்சிருக்காம்."

"முதுகில அடிக்கிறதுக்கு ஒரு பெட்டி வாங்க வேணுமே? நான் இருக்கிறன்தானே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. விஷயம் முற்றிவிட்டது என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். அடுத்த ஒரு கிழமை அவர் வேறு எதுவும் பேசவில்லை. நாதஸ்வரக் கசெட்டுகள் சில வைத்திருந்தார். காரின் சின்ன ஸ்பீக்கர்களில் நாதஸ்வரம் வருகிறது, தவிலின் ஒரு பக்கம் மட்டும்தான் வருகிறது, தொப்பி என்ற கனத்த பக்கத்தின் அடி வருவதே இல்லை என்று குறைப்பட்டார். அந்த அடி இல்லாமல் தவில் கேட்பது சோறில்லாமல் குழம்பு குடிப்பது மாதிரி என்றார். ஊர்த் திருவிழாவில் விடிய விடியத் தவிலுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவராம். தம்பி உள்ளே இருந்து மெல்லச் சொன்னான்: "அண்ணை மண்டபத்துத் தூணில சாய்ஞ்சு நித்திரை கொள்ளுவார், அண்ணி. மேளச் சமா சூடுபிடிக்கேக்க நாங்கள் தட்டி எழுப்புவம்."

பெட்டி ஒளிந்திருக்க வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணங்கள் பல. கள்ளர் பயம். அலுவலகத்தில் பொறாமை. தமிழனுக்கு இவ்வளவு ஆடம்பரமா என்று எவராவது மேலிடத்துக்குப் பெட்டிசம் போடலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. கண்டியில் நாங்கள் எல்லோரும் சத்தத்தைக் குறைத்தே வாழ்ந்தோம். பஸ்ஸில் தமிழில் பேசமாட்டோம், வீட்டில் தமிழ்ச் செய்தியை மெல்லப் போடுவோம். அவருக்கு எங்காவது ஒரு இடத்தில் சத்தமாக இருக்க வேண்டும் போலிருந்தது, அந்தச் சத்தமும் கண்ணுக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். அன்றைக்கு இதை நான் இப்படி யோசிக்கவில்லை. வயதுபோன மனிதனுக்கு விளையாட்டுச் சாமான் கேட்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை அக்குறணைக்குப் போனோம். கார்ச் சாமான்கள் விற்கும் கடை. முதலாளி எங்களை உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தார்.

"எல்லாரும் வெளிய தெரியோணும் எண்டுதான் கேக்கிற சேர். லைட்டு எரியோணும், கண்ணாடி வெக்கோணும் எண்டு செல்லுவாங்க. நீங்க மட்டும்தான் ஒளிக்கக் கேக்கிறீங்க. ஒளிக்கலாம். பெட்டி சரியா அடிச்சாத்தான் பேஸ் வரும். நம்ம கிட்டயே ஆள் ஈக்கிது, அடிச்சுத் தரட்டா?"

"வேண்டாம், எங்களுக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கிறார்."

"ஆரு சேர்? எந்த ஊரு? இந்தப் பக்கத்துல அடிக்கிற எல்லாரையும் எனக்குத் தெரியுமே."

"அவர் தூரத்தில" என்றார் என் கணவர், கண் இமைக்காமல். பொய் சொல்ல அவருக்கு நன்றாகவே வந்தது. அந்தக் கடையில் அவ்வளவு கவனமாக இருந்த மனிதர்தான் அவர் என்பதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சப்வூபர் என்பது பத்து அங்குல விட்டத்தில் ஒரு கறுப்பு ஸ்பீக்கர். அதோடு ஒரு அம்ப்ளிபயர். தம்பி இரண்டையும் கையில் வாங்கியபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்தால், கனடா விசாவே வந்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். கார்க் கொட்டிலின் தகரக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனவன் மூன்று கிழமை சாப்பாட்டுக்கு மட்டும்தான் வெளியே வந்தான்.

டிக்கியின் இடது பக்கத்தில், உட்தட்டிக்கும் வெளித் தகரத்துக்கும் நடுவில், மட்கார்டுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருக்கிறதாம். இத்தனை வருடம் அந்தக் காரை வைத்திருந்தும் எனக்குத் தெரியாது. பழைய பேப்பர்களை ஒட்டி ஒட்டி அந்த இடத்தின் வடிவத்தை எடுத்தான். அந்த வடிவத்துக்கு பிளைவுட் வெட்டி, மூலைகளுக்கு மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பினான். பெட்டியை மூடியபின் ஊதுபத்தி கொளுத்தி மூட்டு மூட்டாகப் பிடித்துப் பார்த்தான். புகை ஆடினால் அங்கே காற்றுப் போகிறது என்று அர்த்தம்.

"காத்து ஒரு சொட்டும் வெளிய போகக் கூடாது அண்ணி. காத்துப் போனா சத்தமும் போச்சு."

"உனக்கு நல்லாப் பொருந்துது" என்றேன். நல்லகாலம், அவன் அதைப் பகிடியாகவே எடுத்தான்.

பெட்டிக்குள் பஞ்சு அடைத்தால் சின்னப் பெட்டியும் பெரிய பெட்டிபோல ஒலிக்கும் என்றான். அதற்கு என் இலவம்பஞ்சுத் தலையணை பலியானது. கேட்காமலே கிழித்துவிட்டான். கடைசியாக உட்தட்டியை மேலே பூட்டிப் பழையபடி துணியை ஒட்டியபோது, டிக்கியில் எதுவுமே மாறவில்லை. அழுக்குக் கறைகூட அதே இடத்தில் இருந்தது. என் கணவர் டிக்கியைத் திறந்து திறந்து மூடினார். ஒன்றும் இல்லாததைப் பார்த்து ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் கண்டதில்லை.

அடுத்த நாள் நானும் அவரும் பன்வில பக்கம் புறப்பட்டோம். கண்டி நகருக்குள் வால்யூமைத் தொடவே இல்லை. வத்தேகம தாண்டி, தேயிலை தொடங்கியபிறகு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கசெட்டைப் போட்டார். தவில் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் முதுகெலும்பு எழுந்து நின்றது. தொப்பியில் விழுந்த ஒவ்வொரு அடியும் இருக்கைக்குள்ளால் வந்து வயிற்றில் இறங்கியது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"எப்பிடி?"

"ஆரோ மெத்தை தட்டுற மாதிரிக் கிடக்கு" என்றேன்.

அவர் வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். ஒரு வளைவில், கொழுந்து ஏற்ற வந்த லொறிக்கு வழி விடுவதற்காக நாங்கள் நின்றபோது, வீதியோரத்தில் நின்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டினார்.

"என்னாங்க சார், மோளச் சத்தம் கேக்குது, ஆளக் காணோம். எங்க கோயிலு திருவிழாவுக்கு இந்தக் காரக் கொண்டாந்து நிப்பாட்டுங்களேன். மோளக்காரங்கள கூப்புடுற செலவு மிச்சம்."

என் கணவர் அவருக்காகக் கசெட்டின் ஒரு முழுப் பக்கத்தையும் போட்டுக் காட்டினார். அந்த மனிதர் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு தலையாட்டினார். அந்தப் பாராட்டை என் கணவருக்கு நான் கொடுத்திருக்கலாம், ஒரு செலவும் இல்லை. பெட்டி செய்தவனோ பின்னறையில் இருந்தான். அவன் அதைக் கொட்டிலுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய சத்தத்தில்தான் கேட்டிருந்தான்.

திரும்பி வரும்போது நகரத்துக்குள் நுழையும் இடத்தில் சோதனைச் சாவடி. பாட்டை நிறுத்தியிருந்தோம். ஒரு சிப்பாய் டிக்கியைத் திறக்கச் சொன்னான். திறந்தார். சிப்பாய் உதிரிச் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தான், உட்தட்டியை விரலால் தட்டிப் பார்த்தான், போகச் சொன்னான். அவ்வளவுதான். வேறு எவராவது என்றால் அப்பாடா என்று வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்திருப்பார்கள். இவர் வீடு வரும்வரை வியர்த்துக்கொண்டே வந்தார்.

"கண்டுபிடிக்கேல்லையே" என்றார்.

"அதுக்குத்தானே ஒளிச்சனீங்கள்?"

"இண்டைக்குக் கண்டுபிடிக்கேல்லை. இன்னொரு நாளைக்குக் கண்டுபிடிச்சா, அண்டைக்கு ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பான். வயரோட ஒரு பெட்டியை ஒளிச்சு வைச்சுக்கொண்டு தமிழன் திரியிறான் எண்டால், நாங்கள் என்ன பதில் சொல்லுறது? வீடு தேடி வருவான். வந்தா தம்பி."

தம்பியைக் காப்பாற்றத்தான் அவர் அதைச் செய்தார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதற்குப் பிறகு ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

கடிதம் மூன்று முறை எழுதப்பட்டது. ஆங்கிலத்தில், எட்டுப் பந்திகள், இலக்கமிட்டு. கொடுக்கும் இடம் எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம். சிங்களத்தில் இருந்தால்தான் மரியாதையாக வாசிப்பார்கள் என்று அதை மொழிபெயர்க்க என்னிடம் தந்தார். நான் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், பாடம் இல்லாத ஒரு நேரத்தில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதினேன். எழுதிக்கொண்டே சிரித்தேன். ஒரு ஸ்பீக்கர் பூட்டியதற்கு எட்டுப் பந்தியா? முதல் பந்தியில் தன் சேவைக்காலம், பதவி, இன்றுவரை ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளாகாமை. இரண்டாவதில் காரின் வரலாறு, என் அப்பா உட்பட. மூன்றாவதில் மேற்படி ஒலிபெருக்கியின் விட்டம். நான்காவதில் அது பொருத்தப்பட்ட இடமும் அதைக் கழற்றிப் பார்க்கும் முறையும். ஐந்தாவது பந்தி இது: "மேற்படி ஒலிபெருக்கியானது, இதே முகவரியில் தங்கியிருக்கும் எனது இளைய சகோதரனால், எவ்வித ஊதியமும் பெறாது, பாதுகாப்பான முறையில் பொருத்தப்பட்டது என்பதையும் பணிவுடன் அறியத் தருகிறேன்."

யார் பூட்டியது என்ற கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். கேள்வி வர இடம் வைக்கக் கூடாது. அக்குறணைக் கடையில் வாய்ப் பொய் சொன்னவருக்கு, அரசாங்கத்துக்குப் போகும் தாளில் ஒரு வெற்றிடம் விடக் கை வரவில்லை. பழக்கத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய கை எழுதியது, தலை அங்கே இல்லை.

என் தலை எங்கே இருந்தது? "எவ்வித ஊதியமும் பெறாது" என்பதில் இருந்தது. தம்பி காசு வாங்காமல் ஸ்பீக்கர் பூட்டியதைப் பொலிசுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. பக்கத்திலிருந்த சிங்கள ஆசிரியையிடம் அதற்கு நல்ல அலுவலகச் சொல் கேட்டேன். அவளும் சிரித்தாள். "பணிவுடன்" எத்தனை இடத்தில் வருகிறது என்று இரண்டு பேரும் எண்ணினோம். பதினொன்று. பிறகு அந்தப் பந்தியை, இதே முகவரியில் தங்கியிருக்கும் இளைய சகோதரனையும் சேர்த்து, என் அழகான கையெழுத்தில், ஒரு பிழையும் இல்லாத சிங்களத்தில் எழுதி முடித்தேன்.

அவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிய சார்ஜன்ட் என்ன செய்வதென்று தெரியாமல், பிரதியில் ஒரு ரப்பர் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். அந்த முத்திரையைப் பார்த்து இவருக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காருக்குள் வைத்தார். "இனி ஒரு பயமும் இல்லை" என்றார்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். சிவில் உடையில் ஒரு இன்ஸ்பெக்டரும், சீருடையில் ஒரு கான்ஸ்டபிளும். சண்டைக்கு வந்தவர்கள் போல இல்லை. இன்ஸ்பெக்டர் நல்ல சிரித்த முகம். கடிதத்தைப் பார்த்ததாகவும், பெட்டியைப் பார்க்க விரும்புவதாகவும் சொன்னார். தம்பி பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். என் கணவர் காரைக் காட்டினார். டிக்கியைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் குனிந்து தேடினார், ஒன்றும் தெரியவில்லை. என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. தானே உட்தட்டியைக் கழற்றிக் காட்டினார், பாட்டும் போட்டார். இன்ஸ்பெக்டர் காரின் உள்ளே உட்கார்ந்து ஒரு முழுத் தனி ஆவர்த்தனம் கேட்டார்.

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். இன்ஸ்பெக்டர் பிளேன்டியை வாங்கிக்கொண்டு, மடித்து வைத்திருந்த கடிதத்தைப் பிரித்தார்.

"மிக அழகான சிங்களம். யார் எழுதியது?"

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு கணம் பூரித்துப்போனது. வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"நான்தான், மாத்தயா" என்று ஐயா போட்டுச் சொன்னார். அந்த இரண்டு சொல்லையும் அவர் சிங்களத்தில் சொன்ன அழகைக் கேட்டாலே, அவர் எழுதியிருக்க முடியாது என்று எவருக்கும் விளங்கும். அவருடைய முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்கு முன்னரே அவருக்கு ஐந்தாவது பந்தி ஞாபகம் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், விட்டுவிட்டார். "உங்கள் தம்பி நல்ல வேலைக்காரன். என் ஜீப்புக்கும் இப்படி ஒன்று வேண்டும். கூப்பிடுங்களேன்" என்றார்.

அவர் உண்மையிலேயே ஜீப்புக்காகக் கேட்டாரா, அல்லது வலை வீசினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கான்ஸ்டபிள் தன்னுடைய கோப்பிலிருந்து எங்கள் வீட்டுப் படிவத்தை எடுத்தான். அதில் இரண்டு பெயர் இருந்தன. இன்ஸ்பெக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

தம்பியைக் கூட்டி வந்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி, முடிந்து ஐந்து மாதமான பாஸ். ஒரு வாக்குமூலம் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார் இன்ஸ்பெக்டர். பெட்டியையும் கொண்டுபோக வேண்டும் என்றார். அதைக் கழற்றும் வேலையைத் தம்பியிடமே கொடுத்தார்கள். அவன் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, தொலைந்துவிடாமல் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் போட்டு என்னிடம் தந்தான். பிறகு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

வாக்குமூலம் பதினான்கு மாதம் எடுத்தது. குற்றச்சாட்டு எதுவும் இல்லை, தடுப்புக்காவல் மட்டும். கனடாவில் அக்கா செய்த ஏற்பாடு காலாவதியாகிவிட்டது. என் கணவர் சட்டத்தரணிகளின் வீட்டுப் படிகளில் ஏறி இறங்கினார், அலுவலகத்தில் நாளுக்கு நாள் குனிந்துகொண்டே போனார். தவில் கசெட்டுகளை எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

முதல் முறை பார்க்க விட்டபோது இரண்டு பேரும் போனோம். நடுவில் கம்பி வலை. தம்பி மெலிந்திருந்தான். அவனுக்கு அடித்திருந்தார்கள், அது நடையில் தெரிந்தது. நான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணை, என்னைப் பதியப் பயந்தனீங்கள். பெட்டியைப் போய்ப் பதிஞ்சனீங்களோ?"

அவர் கம்பி வலையில் விரல்களைக் கோத்துப் பிடித்தார்.

"அந்தக் கடுதாசியைத் தமிழில எனக்கு வாசிச்சுக் காட்டினவங்கள். நான் இங்க தங்கியிருக்கிறன் எண்டு வடிவாப் போட்டிருக்கு. குடுக்க முதல் வேற ஒருத்தரும் அதை வாசிக்கேல்லையோ?"

"இல்லை" என்றார் என் கணவர். "நான் ஒருத்தருக்கும் காட்டேல்லை. ஒப்பீசில வைச்சு நானே இங்கிலீசில எழுதினனான்."

என் கையில் பொட்டலம் இருந்தது. அது சூடாக இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வரும் வழியிலும் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு முறைகூட அவர் என்னிடம், நீயும்தானே வாசித்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது குத்தலாகச் சொல்லியிருப்பேன், எனக்குத் தெரியும்.

தம்பி விடுதலையாகி, வேறு வழியாக வெளிநாடு போனான். அண்ணனோடு அதற்குப் பிறகு அவன் ஒரு சொல் கதைக்கவில்லை. கல்யாணத்துக்கு அழைப்பிதழ் என் பெயருக்குத்தான் வந்தது. வருடத்தில் நான்கைந்து தரம் எனக்குத் தொலைபேசி எடுப்பான். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து, நான் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். பேசி முடிந்ததும், "சுகமாயிருக்கிறானாமோ?" என்று கேட்பார். ஓம் என்பேன்.

அவர் செத்து எட்டாம் நாள் தம்பி எடுத்தான். வரமுடியவில்லை என்றான். அவனுக்கும் குரல் சரியில்லை. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இனி அவரைக் கேட்டு ஆகவேண்டியது ஒன்றுமில்லை, அவனுக்கும் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கும் பயப்பட எதுவும் இல்லை. தொண்டையைச் செருமினேன்.

"அண்ணையை நான் மன்னிச்சிட்டன் அண்ணி" என்றான் அவன் அதற்குள். "ஒண்டு மட்டும்தான் எனக்கு ஆறாது. அந்தக் கடுதாசியைக் குடுக்க முதல் ஒருக்கா உங்களிட்டக் காட்டியிருந்தா, நீங்கள் விட்டிருக்க மாட்டியள்."

"ஓம் அப்பன்" என்றேன். "விட்டிருக்க மாட்டன்."